முறைக்காய்ச்சல் கண்ட இயந்திரம்

முறைக்காய்ச்சல் என்றொரு சொல் நம் வீடுகளில் வழங்கி வந்தது. இன்று மலேரியா என்று அறியப்படும் நோயைத்தான் முன்னோர் பெரும்பாலும் அப்படி அழைத்தனர். ஒருநாள் உடலை நடுக்கி எடுக்கும். மறுநாள் ஒன்றுமே நடவாததுபோல் ஒதுங்கிக்கொள்ளும். மூன்றாம் நாள் அதே வேளைக்கு மீண்டும் வந்து நிற்கும். இடைப்பட்ட ஓய்வு நாளில் நோயாளியை அழைத்துச் சென்றால் வைத்தியர் எதைக் கண்டு சொல்வார்? ஆனால் அந்த ஓய்வு நாளுக்கு முன்னிரவில் மந்திரித்துக் கயிறு கட்டியவருக்குப் புகழ் சேர்ந்துவிடும். கயிறு கட்டாதிருந்தாலும் மறுநாள் காய்ச்சல் வந்திருக்காது என்பதை எண்ணிப் பார்ப்பவர் அரிது.

இந்நோயை அறிவியல் பிடித்தது படிப்படியாகத்தான். 1880-இல் அல்ஜீரியாவில் லவரான் நோயாளியின் குருதியில் கிருமியைக் கண்டார். 1886-இல் இத்தாலியின் கோல்ஜி, காய்ச்சல் ஏறும் வேளையும் அக்கிருமிகள் குருதியணுக்களை உடைத்து வெளிவரும் வேளையும் ஒன்றே என்று காட்டினார். 1897 ஆகஸ்ட் 20 அன்று செகந்திராபாத்தில் ரொனால்ட் ராஸ் அதைக் கொசுவின் வயிற்றில் கண்டார். மூவரில் கோல்ஜியின் வழியே நமக்கு இங்கு வேண்டியது. காய்ச்சல் எப்போது வருகிறது என்ற கணக்கைக் கொண்டு அவர் காய்ச்சலை விளங்கிக்கொண்டார்.

இது மருத்துவக் கட்டுரையன்று. பழைய கார் ஒன்றுக்கு வந்த முறைக்காய்ச்சலையும், அத்தகைய நோய்களை நம் நாட்டு மெக்கானிக்குகள் ஒரு நூற்றாண்டாக எவ்வாறு நாடிபிடித்து வந்தனர் என்பதையும் பற்றியது. வரலாற்றை விரும்பும் வாசகர்கள் முகம் சுளிக்க வேண்டியதில்லை. கல்வெட்டைப் படிக்கும்போது நாம் செய்யும் பிழைகளையெல்லாம் காரின் முன்மூடியைத் திறந்துவைத்துக்கொண்டும் செய்யலாம் என்பதை நாங்கள் பட்டு அறிந்தோம்.

நடுவழியில் ஓர் ஈரத்துணி

கோயில்களையும் கோட்டைகளையும் தேடித் திரியும் நண்பர்கள் நால்வர், கூட்டாகப் பணம் போட்டுப் பெட்ரோல் கார் ஒன்றைப் பழைய வண்டியாக வாங்கினோம். 2014-ஆம் ஆண்டுப் பதிவு. ஒரு புரட்டாசி மாதத்தில் ரஞ்சன்குடிக் கோட்டையைக் காலையில் பார்த்துவிட்டு, பெரம்பலூர் வழியாக அரியலூர் சென்று, பழுவேட்டரையர்களின் மேலப்பழுவூரை மாலைக்குள் அடைவதென்பது திட்டம். பெரம்பலூரைத் தாண்டி அரியலூர்ச் சாலையில் செல்லும்போது, உச்சிவெயிலில், பின்னால் சிமெண்டு லாரி ஒன்று நெருங்கி வந்துகொண்டிருந்த நேரத்தில், இயந்திரம் இருமுறை திணறி நின்றுபோனது. வண்டியின் உந்துதலிலேயே ஓரம் கட்டினோம். லாரி ஹாரனை அலறவிட்டபடி உரசாத குறையாகக் கடந்து போயிற்று. சற்று நேரம் யாரும் பேசவில்லை.

அவ்வழியே வந்த மற்றொரு லாரியின் ஓட்டுநர் இறங்கி வந்தார். நடந்ததைக் கேட்டவர், "ஏர் லாக் ஆயிருக்கும் தம்பி, ஈரத்துணியை நனைச்சுப் பெட்ரோல் பைப்பு மேல சுத்துங்க" என்றார். அவருடைய துண்டே நனைந்து சுற்றப்பட்டது. 20 நிமிடம் கழித்துச் சாவியைத் திருப்பினோம். வண்டி கிளம்பிவிட்டது! ஊர் திரும்பியதும் ஒரு பட்டறையில் இதைச் சொன்னோம். "அப்படியென்றால் பெட்ரோல் பம்புதான்" என்று பம்பையும் வடிகட்டியையும் மாற்றினார்கள். ஐப்பசி, கார்த்திகை, மார்கழி, தை என்று நான்கு மாதம் வண்டி அருமையாக ஓடிற்று. நோய் தீர்ந்தது என்றே நம்பினோம்.

பங்குனியில் அதே சாலையில் வண்டி மறுபடியும் நின்றது.

அந்த லாரி ஓட்டுநர் சொன்னது பிழை என்று தள்ளிவிட இயலாது. அவர் சொன்னது ஒரு காலத்தின் உண்மை. அந்த ஈரத்துணி எங்கிருந்து வந்தது என்று அறியச் சற்றுப் பின்னோக்கிப் போக வேண்டும்.

பிரித்துப் பார்த்துக் கற்ற தலைமுறை

தமிழகத்தில் இயந்திரக் கல்வியின் தொடக்கத்திலேயே ஒரு பழைய வண்டிதான் நிற்கிறது. கோவைப் பகுதியின் கலங்கல் கிராமத்துச் சிறுவரான ஜி.டி. நாயுடு, வெள்ளைக்கார வருவாய் அதிகாரி ஒருவரின் ரட்ஜ் மோட்டார் சைக்கிளைக் கண்டு மயங்கியதும், உணவு விடுதியில் வேலை செய்து பணம் சேர்த்து அதையே விலைக்கு வாங்கியதும் பலரும் அறிந்த கதை. அதைப் பிரித்து மாட்டியே அவர் இயந்திரம் கற்றார். பின்னர் 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பேருந்து ஓட்டத் தொடங்கினார். தெற்கே மதுரையில் டி.வி. சுந்தரம் ஐயங்கார் 1912-இலேயே பேருந்துத் தொழிலைத் தொடங்கிவிட்டார்.

இவ்விருவர் காலத்திலும் உதிரிபாகம் கடல்கடந்து வர வேண்டும். கோளாறு இதுவாக இருக்கலாம் என்று ஊகித்து ஒரு பாகத்தை மாற்றிப் பார்க்கும் சொகுசு யாருக்கும் கிடையாது. ஆகவே இயந்திரம் என்ன சொல்கிறது என்று முதலில் கேட்டார்கள், பிறகே ஸ்பானரைத் தொட்டார்கள். வறுமை கற்றுக்கொடுத்த ஒழுக்கம் இது.

இரண்டாம் உலகப் போர் அவ்வொழுக்கத்தைக் கடும் சோதனைக்கு உள்ளாக்கியது. பெட்ரோல் தட்டுப்பாட்டால் பேருந்துகள் முடங்கின. அப்போது டி.வி.எஸ். நிறுவனம் கரிவாயுக் கலனை வடிவமைத்து உருவாக்கியது. பேருந்தில் பொருத்திய உருளையில் மரக்கரியைக் குறைந்த காற்றில் எரித்து, அதிலெழும் கார்பன் மோனாக்சைடு கலந்த வாயுவை இயந்திரத்துக்கு ஊட்டும் ஏற்பாடு அது. பெட்ரோலில் கிடைத்த வலு அதில் கிடைக்காது. கரி ஈரமாயிருந்தால் ஒரு விதமாகவும், சாம்பல் அடைத்தால் வேறு விதமாகவும், வாயு போதிய அளவு சூடாறாமல் வந்தால் இன்னொரு விதமாகவும் வண்டி இளைக்கும். மேட்டில் நின்றுவிடும் பேருந்து சமவெளியில் சமர்த்தாக ஓடும். விட்டு விட்டு வரும் கோளாறுகளுக்கு இதைவிடப் பெரிய பள்ளிக்கூடம் அமைந்திருக்க முடியாது. மழை பெய்ததா, கரி எந்த ஊர்க் கரி, எத்தனை மைலுக்கு முன் சாம்பலைத் தட்டினோம் என்ற கேள்விகளுக்கு விடை தெரியாமல் அவ்வண்டியை ஓட்டியிருக்க இயலாது.

நெருப்புப் பொறியும் காதும்

விடுதலைக்குப் பின் நம் சாலைகளை ஆண்டவை மூன்று கார்கள். மாரிஸ் ஆக்ஸ்போர்டின் வார்ப்பில் 1957-இல் வெளிவந்த அம்பாசடர், பியட் 1100-லிருந்து பிறந்து பின்னாளில் பத்மினி என்று பெயர் கொண்ட பிரீமியர், சென்னைக்கருகே வண்டலூரில் 1961 முதல் உருவான ஸ்டாண்டர்டு ஹெரால்டு. மூன்றின் உயிரும் கார்புரேட்டரிலும் பாயின்டிலும் இருந்தது.

பாயின்டு என்பது ஒரு சிறு கதவு போன்றது. அது திறக்கும் கணத்தில் காயிலில் மின்னழுத்தம் பாய்ந்து பிளக்கில் பொறி தெறிக்கும். அமெரிக்காவின் சார்லஸ் கெட்டரிங் 1910-ஐ ஒட்டிக் காடிலாக் கார்களுக்கென வகுத்த ஏற்பாடு இது. பாயின்டின் இடைவெளி அரை மில்லிமீட்டர்கூட இராது. அது தேயும், கருகும், தூசி பட்டால் தடுமாறும். பக்கத்திலேயே கண்டென்சர் என்றொரு சிறு உருளை. குளிர்ந்திருக்கும்போது அது குறையில்லாமல் வேலை செய்யும். சூடேறியதும் உள்ளே தொடர்பு அறுந்து, வண்டி இழுவையை இழக்கும். ஆறியதும் மீண்டும் ஒட்டிக்கொள்ளும். பட்டறைக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் ஆறிவிடும் என்பதுதான் துயரம்!

இன்னும் சில முறைக்காய்ச்சல்களையும் இங்கே சொல்ல வேண்டும். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியில் மயிரிழை விரிசல் விழுந்திருந்தால் வெயிலில் வண்டி ஒழுங்காக ஓடும். மார்கழிப் பனியில் ஈரம் அந்த விரிசலில் படியும். பொறி வழிதவறும். பெட்ரோல் டேங்க் மூடியிலுள்ள நுண்துளை அடைபட்டிருந்தால், 20, 30 கிலோமீட்டர் ஓடியபின் டேங்கினுள் வெற்றிடம் உண்டாகிப் பெட்ரோல் வரத்து நின்றுபோகும். மூடியைத் திறந்தால் 'உஸ்' என்று காற்று உள்ளே போகும். வண்டி ஓடத் தொடங்கிவிடும். பெட்ரோல் இருக்கிறதா என்று பார்ப்பதற்காகத்தான் மூடியைத் திறந்திருப்பார் ஓட்டுநர். அந்தத் திறப்பே மருந்தாகிவிட்டது என்பதை அவர் அறியமாட்டார். பெட்ரோல் நிலையத்தில் நிரப்பினால் வண்டி சரியாகிறது என்றுதான் சொல்வார்.

ஈரத்துணியின் காலமும் இதுவே. அக்கார்களில் பெட்ரோல் பம்பு இயந்திரத்தின் விலாவிலேயே ஒட்டியிருந்தது. பின்புறத்து டேங்கிலிருந்து அது பெட்ரோலை உறிஞ்சி இழுக்க வேண்டும். உறிஞ்சும் குழாயில் அழுத்தம் குறைவு. அழுத்தம் குறைந்தால் கொதிநிலையும் குறையும். பெரம்பலூர்ப் பக்கத்துச் சித்திரை வெயிலில், சூடான இயந்திரத்தின் அருகே, பெட்ரோலின் இலேசான கூறுகள் ஆவியாகிக் குமிழிகளாகத் திரளும். பம்பு குமிழியை இழுக்குமேயன்றிப் பெட்ரோலை இழுக்காது. ஈரத்துணி பம்பைக் குளிர்விக்கும். குமிழி மீண்டும் நீர்மமாகும். ஆக, அக்காலத்தில் ஈரத்துணியே மருந்து, அதுவே நோயை உறுதிசெய்யும் சோதனையும்கூட. அம்பாசடரை ஓட்டிய ஒரு தலைமுறை இதை அனுபவத்தால் அறிந்து, அடுத்த தலைமுறைக்குக் கையளித்தது.

அன்றைய மெக்கானிக்கின் கருவிகள் எளியவை. பிளக் வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்ப்பார். கழற்றியும் எந்த வயருக்கு ஓசை மாறவில்லையோ அந்த சிலிண்டர் ஏற்கெனவே வேலை செய்யவில்லை என்பது பொருள். பிளக்கைக் கழற்றி நிறம் பார்ப்பார். தவிட்டு நிறமாயின் நலம், கரி படிந்திருந்தால் பெட்ரோல் மிகை, வெளுத்திருந்தால் காற்று மிகை. புகைக்குழாயின் வாயருகே உள்ளங்கையை வைத்து வெளிவரும் மூச்சின் தாளத்தைக் கணிப்பார். தாளம் எங்கே தப்புகிறது என்பதைக் கை உணரும். ஆனால் இவையனைத்துக்கும் முன்னே அவர் கேட்ட கேள்வி ஒன்று உண்டு: "எப்போ வருது?"

கடல் இருந்த இடத்துத் தூசி

இக்கேள்விக்கு அரியலூர் மண் தனக்கே உரிய ஒரு விடையை வைத்திருக்கிறது. கிரிட்டேசியக் காலத்தில் இப்பகுதி கடலுக்கடியில் கிடந்தது. பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்துக்குக் கல்லாகக் கிடக்கும் மரம் அக்காலத்தின் சாட்சி. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் எம்.எஸ். கிருஷ்ணன் 1940-இல் அதைக் கண்டறிந்து உலகுக்குச் சொன்னார். கடலில் வாழ்ந்த சிற்றுயிர்களின் ஓடுகள் அடுக்கடுக்காகப் படிந்து சுண்ணாம்புக்கல்லாயின. அந்தச் சுண்ணாம்புக்கல்லை நாடிச் சிமெண்டு ஆலைகள் வந்தன. அருகிலுள்ள டால்மியாபுரத்தில் 1939-இல், அரியலூரில் அரசின் தமிழ்நாடு சிமெண்ட்ஸ் ஆலை 1979-இல், பின்னர் தனியார் ஆலைகள் பல. ஆலைகளுக்குக் கல் சுமக்கும் லாரிகளும் மூட்டை சுமக்கும் லாரிகளும் சாலைகளை நிறைத்தன.

லாரிகள் எழுப்பும் வெண்தூசி காரின் ஏர் பில்டரில் படிகிறது. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் மாண்ட கடலுயிர்களின் எச்சம் இன்றைய இயந்திரத்தின் மூச்சை அடைக்கிறது என்றால் மிகையன்று. ஏர் பில்டர் அரைகுறையாக அடைந்திருக்கும்போது வண்டி நின்ற இடத்தில் சீராக உறுமும். ஊருக்குள் மெதுவாகவும் ஓடும். மேட்டில், முழுப் பாரத்தில், லாரியை முந்தும்போது மட்டும் மூச்சுத் திணறும். பட்டறையில் நின்றபடி எவ்வளவு ரேஸ் பண்ணினாலும் அந்தத் திணறல் அப்படியே தெரியாது. நோய் வரும் நிலைமையை உண்டாக்காமல் நோயைத் தேடுவது வீண்.

பெட்ரோலுக்கும் இதில் பங்குண்டு. மண்ணெண்ணெய் கலந்த பெட்ரோலை நிரப்பிய வாரம் வண்டி மேட்டில் தட்டும், அடுத்த நிரப்பலில் சரியாகும். காரை மாற்றி மாற்றிப் பழுது பார்த்தும் தீராத நோய், கார் குடித்த பாலில் இருந்திருக்கிறது. இது வெறும் பட்டறைச் செய்தியன்று. கலப்படத்துக்காகப் பெட்ரோல் நிலையத்துக்கு முத்திரை வைத்த இந்தியன் ஆயில் அதிகாரி எஸ். மஞ்சுநாத், 2005 நவம்பரில் உத்தரப் பிரதேசத்தின் லக்கிம்பூர் கேரியில் சுட்டுக் கொல்லப்பட்டார். வயது 27. இன்று பெட்ரோலில் சட்டப்படியே எத்தனால் கலக்கிறது. 2003-இல் தமிழ்நாடு உள்ளிட்ட சில மாநிலங்களில் 5 விழுக்காட்டுடன் தொடங்கிய கலவை, 2025-இல் 20 விழுக்காட்டை எட்டியது. எத்தனால் ஈரத்தை ஈர்க்கும் இயல்புடையது. பல பழைய வண்டிகளின் ரப்பர்க் குழாய்கள் இந்த அளவுக் கலவையை எண்ணி வடிவமைக்கப்பட்டவையல்ல. நெடுநாள் நிறுத்தி வைத்த பழைய வண்டி மழைக்காலத்தில் அடம்பிடித்தால், இதையும் கணக்கில் கொள்ள வேண்டியிருக்கிறது.

இயந்திரம் நினைவு பெற்ற கதை

1998-இல் சென்னைக்கருகே இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஹூண்டாயின் சான்ட்ரோ வெளிவந்தது. முன்மூடியைத் திறந்த மெக்கானிக் அதில் கார்புரேட்டரைக் காணவில்லை. ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனியாகப் பெட்ரோலைப் பீய்ச்சும் எம்.பி.எப்.ஐ. முறை அதில் இருந்தது. தலைநகர்ப் பகுதியில் யூரோ விதிகளை விரைவுபடுத்தி உச்ச நீதிமன்றம் 1999-இல் ஆணையிட்டபின், மாருதி 800 உட்பட எல்லாக் கார்களும் இவ்வழிக்கு வந்தன. டெல்லியின் புகைக்காக எழுந்த வழக்கு, சில ஆண்டுகளில் பெரம்பலூர்ப் பட்டறை ஒன்றின் வேலையை மாற்றிவிட்டது. வரலாறு இப்படித்தான் எங்கோ தொடங்கி எங்கோ இறங்குகிறது.

இப்புதிய கார்களில் பெட்ரோல் பம்பு டேங்குக்குள்ளேயே அமர்ந்துகொண்டது. அது பெட்ரோலை உறிஞ்சி இழுக்காமல், அழுத்தத்துடன் தள்ளுகிறது. அழுத்தம் மிகுந்த குழாயில் குமிழி தோன்றுவது அரிது. ஈரத்துணி தீர்த்த நோய் ஏறக்குறைய ஒழிந்தது. ஆனால் ஈரத்துணி ஒழியவில்லை.

வேறோர் ஏற்பாடும் உடன் வந்தது. காற்று எவ்வளவு, வெப்பம் எவ்வளவு, புகையில் ஆக்சிஜன் எவ்வளவு, இயந்திரத் தண்டு எந்தக் கோணத்தில் சுழல்கிறது என்பவற்றையெல்லாம் சென்சார்கள் கணினிக்குச் சொல்கின்றன. பொருந்தாத ஒன்று நேர்ந்தால் கணினி ஓர் எண்ணைக் குறித்துக்கொள்கிறது. இதையே ஓ.பி.டி. என்பர். அமெரிக்காவில் 1996 முதல் அதன் இரண்டாம் வடிவம் எல்லாக் கார்களிலும் கட்டாயமானது. இந்தியாவில் பி.எஸ். 4 விதிகளுடன் 2010-இல் முதல் வடிவமும் 2013-இல் இரண்டாம் வடிவமும் வந்தன. எண் பி 0300 என்றால் எந்த சிலிண்டர் என்று சொல்லவியலாதபடி பொறி தவறுகிறது என்று பொருள். தண்டின் சுழற்சி வேகத்தில் தோன்றும் நுண்ணிய தடுமாற்றத்தைக் கொண்டு கணினி அதை அறிகிறது. புகைக்குழாயின் வாயில் உள்ளங்கையை வைத்துத் தாளம் பார்த்த மெக்கானிக்கின் வித்தைதான் இது.

இதைவிட முக்கியமானது, கோளாறு நேர்ந்த கணத்தின் நிலைமையையும் அக்கணினி சேர்த்தே பதிவு செய்கிறது என்பது. வேகம் என்ன, சூடு என்ன, பாரம் என்ன என்ற குறிப்புகள் அதில் இருக்கும். "எப்போ வருது?" என்ற அந்தப் பழைய கேள்வியை இயந்திரமே தன்னிடம் கேட்டுக்கொள்ளத் தொடங்கிவிட்டது எனலாம்.

ஆயினும் நினைவு என்று ஒன்று இருந்தால் மறதியும் உண்டு. கோளாறு திரும்ப வராமல் மூன்று ஓட்டங்கள் கழிந்தால் எச்சரிக்கை விளக்கு அணைந்துவிடும். 40 முறை இயந்திரம் சூடேறி ஆறிய பின்னும் அது வராதிருந்தால், குறித்த எண்ணும் அழிந்துபோகும். வண்டியை விற்பவர் நினைத்தால் ஒரு சிறு கருவியால் ஒரே நொடியில் அழித்துவிடலாம். பல வண்டிகளில் பேட்டரியைக் கழற்றி மாட்டினாலும் அழியும். பழைய கார் வாங்குவோர் இதை நினைவில் வைப்பது நல்லது. எண் ஏதும் இல்லை என்பது நோய் இல்லை என்பதற்குச் சான்றன்று. ஆனால் அழித்தவர் கையும் தடயம் விடும். அழித்தபின் கணினி தன் உள்சோதனைகளைப் புதிதாகத் தொடங்கும். அவை முடியப் பல நாள் ஓட்டம் வேண்டும். எண்களும் இல்லை, சோதனைகளும் நிறைவடையவில்லை என்று கருவி காட்டினால், அண்மையில் நினைவு துடைக்கப்பட்டிருக்கிறது என்று கொள்ளலாம். கல்வெட்டில் செதுக்கி நீக்கப்பட்ட வரி இருந்த இடம் மற்ற இடத்தைவிடப் பள்ளமாயிருக்குமே, அதுபோல.

நோட்டுப் புத்தகம்

பங்குனியில் வண்டி மறுபடி நின்ற கதைக்கு வருவோம். 20 நிமிடத்தில் அது கிளம்பியதும் பெரம்பலூருக்கே திருப்பி, ஒரு சிறு பட்டறைக்குச் சென்றோம். நடுவயது மெக்கானிக். கருவியை மாட்டினார். எண் ஏதுமில்லை, சோதனைகள் பாதியில் நின்றன. "யாரோ பேட்டரியைக் கழட்டியிருக்காங்க சார்" என்றார். எங்களுக்கு நினைவு வந்தது. முந்தைய வாரந்தான் வேறோர் இடத்தில் விளக்குப் பழுதுக்காகப் பேட்டரியைக் கழற்றியிருந்தார்கள். ஆனால் இப்போது நின்ற நிற்பு ஏன் பதிவாகவில்லை என்று கேட்டோம். ஒருமுறை நேர்ந்ததையே எண்ணாகக் கொள்ளாத வண்டிகளும் உண்டென்றார். பிறகு அவர் சொன்னதுதான் எங்களுக்குப் பிடிக்கவில்லை.

"இப்ப எதையும் மாத்தாதீங்க. ஒரு நோட்டு போட்டு எழுதுங்க. எத்தனை மணி, எவ்வளவு தூரம் ஓடுச்சு, ஏ.சி. போட்டிருந்துச்சா, நிக்கும்போது மீட்டர்ல எந்த முள்ளு எங்க இருந்துச்சு. மூணு தடவை எழுதிட்டு வாங்க."

தட்டிக்கழிக்கிறார் என்றே எண்ணினோம். காசும் வாங்கவில்லை என்பது அந்த ஐயத்தை இன்னும் வளர்த்தது. ஒன்றும் தெரியாதவர்தானே ஒன்றும் வாங்கமாட்டார்! எதையாவது மாற்றித் தந்திருந்தால் நிறைவோடு திரும்பியிருப்போம் என்பதை இன்று வெட்கத்தோடுதான் எழுதுகிறோம்.

ஆனாலும் எழுதினோம். வேறு வழியில்லை. மூன்று பதிவுகள் சேரச் சித்திரை பிறந்துவிட்டது. மூன்றிலும் பகல் 12 மணிக்குப் பின். மூன்றிலும் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடிய பிறகு. மூன்றிலும் 20, 25 நிமிடத்தில் குணம். கடைசி இரண்டில், துணியே போடாமலும் கிளம்பியது. மூன்றாவது பதிவில் எங்களில் ஒருவர் பொருள் புரியாமலேயே ஒரு வரி சேர்த்திருந்தார்: "சாவியைத் திருப்பும்போது இயந்திரம் சுற்றுகிறது, ஆர்.பி.எம். முள் மட்டும் அசையவில்லை."

நோட்டைப் படித்த மெக்கானிக் அந்த வரியில் விரலை வைத்தார். இயந்திரம் சுழல்வது நம் காதுக்குக் கேட்கிறது, கணினிக்குத் தெரியவில்லை. தண்டு சுழல்வதைக் கணினிக்குச் சொல்லும் கிராங்க் சென்சார், சூடேறும்போது மௌனமாகிவிடுகிறது. தண்டு எங்கே இருக்கிறது என்று தெரியாத கணினி பொறியும் தராது, பெட்ரோலும் தராது. இம்முறை கருவியும் பி 0335 என்று அதையே சொன்னது. அவர் அத்தோடு விடவில்லை. சென்சாரைக் கழற்றி, ஆறிய நிலையில் மீட்டரால் அளந்தார். முடி உலர்த்தும் கருவியால் சூடாக்கி மீண்டும் அளந்தார். சூட்டில் உள்ளிருந்த கம்பிச் சுருள் அறுந்து, ஆறியதும் ஒட்டிக்கொண்டது. எந்தச் சூழலில் நோய் வருமோ அதை மேசையிலேயே உண்டாக்கிக் காட்டியபின்தான் புதியது ஒன்றை மாட்டினார்.

அப்படியானால் பம்பை மாற்றியபின் நான்கு மாதம் ஓடியது எப்படி? அது குளிர்காலம். புரட்டாசியில் ஈரத்துணி வேலை செய்தது எப்படி? துணி சுற்றிக் காத்திருந்த 20 நிமிடத்தில் சென்சார் ஆறிவிட்டது. ஈரத்துணிக்கும் புதுப் பம்புக்கும் நாங்கள் தந்த புகழ், ஓய்வு நாளில் கயிறு கட்டியவருக்குக் கிடைத்த புகழே. விட்டு விட்டு வரும் நோயில், கடைசியாக யார் கை வைத்தாரோ அவருக்கே வெற்றி போய்ச் சேர்கிறது. அதற்கு எதிராக நிற்கக்கூடிய ஒரே சாட்சி, அவ்வப்போது எழுதி வைத்த குறிப்பு.

மருதையாறு

அரியலூர்ப் பக்கம் செல்வோர் மருதையாற்றை நினையாமல் இருக்க இயலாது. பச்சைமலையில் பிறந்து கொள்ளிடத்தில் சேரும் இச்சிற்றாறு ஆண்டின் பெரும்பகுதி மணலாகக் கிடக்கும். 1956 நவம்பர் 23 அன்று விடியுமுன், வெள்ளம் பெருகிய இவ்வாற்றில், பழுதுற்ற பாலத்தோடு தூத்துக்குடி விரைவு ரயில் கவிழ்ந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பொறுப்பேற்றுப் பதவி விலகினார். அதே ஆண்டில் மகபூப்நகர் விபத்துக்குப் பின்னும் அவர் விலக முன்வந்திருந்தார்.

ஒரு காரின் சென்சாரை அப்பேரழிவோடு ஒப்பிடுவது தகாது. ஆயினும் ஒன்றைச் சொல்லலாம். ஆறு வற்றிக் கிடக்கும் நாளில் எந்தப் பாலமும் திடமாகவே தோன்றும். அதன் பலவீனம் வெள்ளத்தில்தான் பேசும். வெயிலில் மட்டும், மழையில் மட்டும், பாரத்தில் மட்டும் வாய்திறக்கும் குறைகளை, அவை பேசாத நாளில் பார்த்துவிட்டு நலம் என்று எழுதிவிடுவது நமக்கு எளிது. எங்களுக்கு அன்று பின்னால் வந்த லாரி விலகிப் போயிற்று. எல்லாருக்கும் எல்லா நாளும் அப்படி வாய்ப்பதில்லை.

நோட்டுப் புத்தகம் இப்போதும் எங்கள் வண்டியிலேயே இருக்கிறது. முன்பக்கங்களில் காரின் காய்ச்சல். பின்பக்கங்களில் மேலப்பழுவூர்க் கல்வெட்டுக் குறிப்புகள். பெரம்பலூர் மெக்கானிக்கிடம், முதல்நாள் அவரைத் தவறாக எண்ணியதைச் சொல்லி மன்னிப்புக் கேட்டோம். அவர் சிரித்துவிட்டு, "நோட்டை நிறுத்திடாதீங்க சார்" என்று மட்டும் சொன்னார்.